இந்த வயசுல என்ன வேகம்

“இந்த வயசுல என்ன வேகம் மாப்பிள்ளை? தலை நரைச்ச பிறகும் பறக்கணுமா?” என்றார் மச்சான், சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

மாப்பிள்ளைக்குக் காலேஜுக்குப் போகிற மகள் இருக்கிறாள். இருந்தாலும் மனைவியின் அண்ணனுக்கு அவர் இன்னமும் மாப்பிள்ளைதான். மாவுக்கட்டு பிரித்த கால் இளைத்துப்போய் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி அதை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

விபத்து நடந்ததிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே பாக்கி இல்லை. மேல்வீட்டுக்காரர் கேட்டார், ஆபீஸ் மேனேஜர் கேட்டார், எக்ஸ்ரே எடுத்தவர்கூடக் கேட்டார். கால் உடைந்தவனால் எழுந்து ஓட முடியாது என்கிற தைரியத்தில் ஆளாளுக்கு உட்கார்ந்து, சாவகாசமாக அறிவுரை சொல்லி, காபியும் குடித்துவிட்டுப் போனார்கள்.

எல்லாருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான். “என் தப்புதாங்க. கவனிக்கலை.”

ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவார்களா என்ன? அதற்கப்புறம்தான் பேச்சு சூடு பிடிக்கும்.

“நான் சொல்றதைக் கேளுங்க. வண்டியை வித்துத் தலைமுழுகுங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தன் வாங்கிக்கிறேன்னு உக்காந்திருக்கான்” என்றார் மச்சான்.

“வண்டி வேணும் மச்சான். திங்கக்கிழமை இவ புது லேப்ல சேரணும். அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது.”

அவர் மனைவி ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்த கிளைக்கு அவளைப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். தனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் மேலே போனதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அவளுக்கு வந்த வாய்ப்பு. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

“எனக்கு அந்த வேலையும் வேணாம், இந்த வண்டியும் வேணாம்” என்றாள் அவள், சமையலறை வாசலில் நின்றபடி. “அண்ணன் சொல்ற மாதிரி வித்துடலாங்க. அதை இனிமே என் கண்ணால பாக்கவே வேணாம்.”

“கேட்டுக்கிட்டீங்களா? அவ வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கா. உங்களுக்கு இன்னும் வண்டி ஆசை விடலை.”

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மெக்கானிக் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். மாப்பிள்ளை கைத்தடியை எடுத்து ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, வாசலுக்கு வந்தார். மற்ற இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள்.

“ஹேண்டில் நேராக்கியாச்சு சார். ஹெட்லைட்டும் முன்னாடி மட்கார்டும் புதுசு போட்டிருக்கேன். டேங்க் நசுங்கின இடம் எதுன்னு இப்ப நீங்களே கண்டுபிடிக்க முடியாது” என்ற மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “எனக்கு ஒண்ணுதான் சார் புரியலை. சுவர்ல மோதிக் கிடந்ததைத் தூக்கிட்டு வந்தப்போ வண்டி முதல் கியர்லயே இருந்துச்சு. முதல் கியர்ல வச்சுக்கிட்டு யாராச்சும் இந்த முறுக்கு முறுக்குவாங்களா?”

“எங்க மாப்பிள்ளை முறுக்குவார்” என்றார் மச்சான்.

மெக்கானிக்கால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார், வேறென்ன செய்வது? அவர் மனைவி மட்டும் விருட்டென்று உள்ளே போய்விட்டாள். பாவம், எந்தப் பெண்ணுக்குத்தான் தாங்கும் என்று மச்சானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“கடைசியாக் கேக்கறேன். விக்கறீங்களா, இல்லையா?”

“இல்லை மச்சான்.”

“பட்டும் புத்தி வரலைன்னா நான் என்ன பண்றது?” மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “இனிமே ஏதாவது ஆச்சுன்னா எனக்கு ஃபோன் பண்ணாதே, ஆமா.”

அவர் தெருமுனை திரும்பினார். மெக்கானிக்கும் கிளம்பிப் போனார். அப்புறம்தான் அவள் வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“ஏங்க, வர்றவங்க போறவங்கள்லாம் உங்களைத் திட்டறாங்க. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியலை.”

“திட்டறதுக்குக் காசா பணமா? திட்டிட்டுப் போகட்டும் விடு.”

“விளையாடாதீங்க. நாளைக்கே அந்த வேலை வேணாம்னு சொல்லிடப் போறேன்.”

“சொல்லித்தான் பாரேன். நான் இவ்வளவு நாள் கட்டுக்குள்ள ஸ்கேலை விட்டுச் சொறிஞ்சுக்கிட்டுக் கிடந்தது எதுக்காம்?”

அவளுக்கு மறுபடியும் அழுகை வந்தது. அவளுக்கு இந்தப் பதவி எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரியும். அவர் பிடிவாதம் பிடித்தால் இறங்கி வர மாட்டார் என்று அவளுக்கும் தெரியும்.

“எனக்குப் பயமா இருக்குங்க. மறுபடியும் ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

மாப்பிள்ளை கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். சீட்டில் படிந்திருந்த தூசியை உள்ளங்கையால் தட்டிவிட்டார்.

“ஒண்ணும் ஆகாது, ஏறி ஸ்டார்ட் பண்ணு. இந்தத் தடவை எதிர்ல நின்னு ‘வா, வா’ன்னு கையாட்ட மாட்டேன், பின்னாடி உக்காந்துக்கறேன்.”