ராஜ்மோகன் வீட்டு மியூசிக் செட்

குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டிவந்த மஜீது பாய் இப்படி விலைபோவார் என்று மணிமொழி கனவிலும் நினைக்கவில்லை.

"புதுசுதாம்மா, சந்தேகமே இல்ல" என்றார் அவர், ரெக்கார்டு பிளேயரின் ஊசியை லென்ஸ் வைத்துப் பார்த்தபடியே. பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் எது விற்பதானாலும் சுற்றுவட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிட்டு விலை கேட்பார்கள். சொந்த ஊர்க்காரர் என்று நம்பித்தான் அழைத்து வந்திருந்தாள்.

ராஜ்மோகன் போன மாதம் நிலக்கரி மைன்ஸிலிருந்து ரிட்டையர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நெல்லிக்குப்பம் போகிறார்கள். மியூசிக் செட் விற்பனைக்கு என்று அவர் மனைவி சத்யா லேடீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டிருந்தாள்.

பார்த்ததுமே மணிமொழிக்குப் பகீரென்றது. அவள் கணவர் சிவக்குமார் ஏழு வருஷமாக ஞாயிறு தவறாமல் ராஜ்மோகன் வீட்டுக்குப் போய்ப் பாட்டு கேட்பது அந்த செட்டில்தான். அவள் சுட்டுக் கொடுக்கும் முறுக்கு டப்பாவோடு போவார், கழுவிய டப்பாவோடு திரும்புவார். செட்டே போய்விட்டால் மனுஷன் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

அவருக்குத் தெரியாமல் வாங்கி ஹாலில் வைத்துவிட வேண்டும். இனிமேல் வீட்டிலேயே கேட்கட்டும், நாமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம் என்று ஆசை ஆசையாகத்தான் கிளம்பி வந்தாள். இந்த வீட்டுக்குள் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

இன்றைக்கு ஞாயிறானாலும் அவருக்கு முதல் ஷிப்ட். டப்பா கையோடு போயிருக்கிறது. ஷிப்ட் முடிந்ததும் நேரே இங்கேதான் வருவார். அதற்குள் பேரத்தை முடித்தாக வேண்டும்.

வந்ததும் சத்யா தண்ணீர் கொடுத்து, "சிவக்குமார் அண்ணன் நல்லா இருக்காராக்கா?" என்று விசாரித்தாள். மரியாதைக்குக் கேட்கிறாள் என்று மணிமொழியும் தலையாட்டி வைத்தாள். ஆனால் அடுத்த பேச்சுதான் சுருக்கென்று தைத்தது.

"பெரியவன் வாங்கிக் குடுத்தான்க்கா. துணி போட்டு மூடி வச்சதோட சரி, ஒருநாளும் போட்டதில்ல."

விற்கிறவர்கள் எல்லாரும் பாடுகிற பாட்டு இது. அதை என்னிடமேவா? வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு, மஜீது பாய் குட்டை உடைக்கட்டும் என்று காத்திருந்தாள். அவரானால் இப்போது சத்யாவுக்கே ஒத்து ஊதுகிறார்.

"நல்லாப் பாருங்க பாய். ஏழு வருஷம் ஓடுன செட்டு."

"ஓடியிருந்தா ஊசி முனை சொல்லிடும்மா. இந்த பிளக்கைப் பாரு. ஒரே ஒரு தடவ சொருவியிருந்தாலும் பித்தளையில கீறல் வுழும். கண்ணாடியாட்டம் இருக்குது. ஸ்பீக்கர் ஒயருல கம்பெனிக்காரன் போட்ட கட்டைக்கூட அவுக்கல. தாராளமா புது வெலையே குடுக்கலாம்."

"அவங்க கிட்ட எவ்ளோ கமிஷன் பேசிகினீங்க பாய்?"

பாய் லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய் வாசலோரம் நின்றார்.

மணிமொழிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஹாலில் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ராஜ்மோகனிடம் திரும்பினாள்.

"அப்ப அந்த செட்டு எங்கண்ணே? அத உள்ள மறைச்சிட்டு, எதையோ எங்கிட்ட தள்ளப் பாக்கறீங்களா?"

"எந்த செட்டும்மா? எங்ககிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

"எங்க வூட்டுக்காரரு வாராவாரம் இங்க வந்து பாட்டு கேக்கறாரே, அந்த செட்டு. ஏழு வருஷமா எங்கையால சுட்ட முறுக்கத் தின்னுட்டு இப்டி ஏமாத்தறீங்களே, நியாயமா?"

ராஜ்மோகன் கயிற்றை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். சத்யா தரையைப் பார்த்தாள்.

மணிமொழியின் செல்போன் அடித்தது. சிவக்குமார்தான். நல்லதாகப் போயிற்று, இவர்கள் வண்டவாளத்தை அவரே சொல்லட்டும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

அந்தப் பக்கம் மெல்லிசாக ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ராஜ்மோகன் வூட்லதான், பாட்டு கேட்டுகினு இருக்கேன். இன்னிக்கு உன் முறுக்கு பிரமாதம்னு சத்யா சொல்லுது."