பூஸ்ட் குமிழ்

"அவருக்குத் தெரியவே கூடாது தம்பி" என்றாள் பவதாரிணி. ஆரப்பாளையம் ஒர்க்‌ஷாப்பில் அவள் கணவன் முகேஷின் கார் பானட் திறந்தபடி நின்றது. டீ குடிக்கப் போனவன் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

மெக்கானிக் சிவபாண்டியின் கையில் இருந்தது பூஸ்ட் கன்ட்ரோலர். அதன் குமிழ் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வரும். திருகினால், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தம் கூடி, கம்பெனி கொடுத்ததைவிட வேகமாக வண்டி பாயும். முகேஷ் அதை ஆன்லைனில் வாங்கி வைத்துக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதே பேச்சாக இருந்தான்.

வேண்டாம் என்று அவள் அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். இங்கே மாட்டாவிட்டால் வேறு ஒர்க்‌ஷாப்பில் மாட்டிக்கொள்வான் என்று தெரிந்த பிறகுதான் இந்த யோசனை வந்தது. குமிழ் இருக்கட்டும், அதிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயை இணைக்க வேண்டாம்.

சிவபாண்டி தயங்கினான். "வேகம் இருக்குன்னு நெனச்சே ஓட்டுவாரேக்கா."

"நெனச்சுக்கிட்டு ஓட்டட்டும். உசுரோட வீட்டுக்கு வந்தாப் போதும்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் சரி என்றான். ஏர் ஃபில்டரை மாற்றி, பிளக்குகளையும் புதிதாகப் போட்டு, வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பாக ஓடும்படி செய்தான். முகேஷ் வந்ததும், லேசாகத் திருகினாலே போதும், முழுசாகத் திருகினால் இன்ஜின் தாங்காது, தவிர்க்கவே முடியாத அவசரம் என்றால்தான் அதைத் தொட வேண்டும் என்று சொல்லி அனுப்பினான்.

கே.கே. நகர் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே முகேஷ் குமிழை லேசாகத் திருகினான். வண்டி பிச்சுக்கிட்டுப் போவதாகச் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். பவதாரிணி சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்துதான் அவளுக்கு நிம்மதியான தூக்கம் வந்தது.

அந்தத் தைரியத்தில்தான் தங்கை முத்துச்செல்வியை அவனோடு அனுப்பினாள். மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. மாமா கண்டபடி ஓட்டுவாரே என்று பஸ்ஸில் போகப் பார்த்தவளைப் பவதாரிணியே இழுத்துப் பிடித்து, சேலை மடிப்பைச் சரிசெய்து, காரில் ஏற்றினாள். இனிமேல் அந்த வண்டியில் பயமில்லை என்றாள்.

மேலூர் தாண்டி நாலு வழிச் சாலையை விட்டு இறங்கினால் குறுகலான ரோடு. முன்னால் கிரானைட் கல் ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதை முந்தப் போன கார், எதிரே வந்த பஸ்ஸில் மோதியது. முத்துச்செல்வி அங்கேயே போய்விட்டாள். முகேஷின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவனுக்கு நினைவு வரவில்லை.

ஆஸ்பத்திரி வராண்டாவில் ஏட்டு ஒருவர் அவள் தம்பி அருள்பாண்டியிடம் பேசிக்கொண்டிருந்தார். கண்மண் தெரியாத வேகத்தில் கார் வந்ததாக லாரிக்காரர் சொல்கிறாராம். வேகத்தைக் கூட்ட உள்ளே ஏதோ குமிழ் வேறு மாட்டியிருக்கிறதாம்.

அருள்பாண்டி அவளிடம் வந்து, மாட்டியது யார் என்று கேட்டான். பவதாரிணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன்னிடம் தலையாட்டிவிட்டு, அவள் நகர்ந்ததும் குழாயை இணைத்துக் கொடுத்திருக்கிறான் பாவி.

"ஆரப்பாளையம் சிவபாண்டி" என்றாள். தான் ஒர்க்‌ஷாப்பில் தனியாகப் பேசியதைச் சொல்லவில்லை.

பிணவறை வாசலில் அவள் உட்கார்ந்திருந்தபோது அருள்பாண்டி போன் செய்தான். பின்னால் தகரம் நொறுங்கும் சத்தமும் ஒரு ஆளின் கதறலும் கேட்டன.

"குழாயையே மாட்டலங்கிறான்க்கா. நீதான் மாட்ட வேண்டாம்னு சொன்னியாம். நெசமா?"

உள்ளே தங்கையை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் அவள் மடித்துக் குத்திவிட்ட சேலை ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தது.

"பொய் சொல்றான்" என்றாள்.

போனை வைக்கவில்லை. கதறல் ஓயும்வரை காதிலேயே வைத்திருந்தாள். இனி அவன் ஸ்பேனர் பிடிக்க மாட்டான், ரெண்டு கையும் போச்சு என்று அருள்பாண்டி சொன்னபோது, நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது.

முத்துச்செல்வியை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகுதான் முகேஷ் கண் விழித்தான். ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். பவதாரிணி அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்றும், வேகத்தைக் கூட்டிவிட்டுக் குடியைக் கெடுத்தவனுக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது என்றும் காதோரம் சொன்னாள்.

முகேஷ் இல்லை என்று தலையசைத்தான். காய்ந்த உதடுகளைப் பிரிக்கச் சிரமப்பட்டான். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"பஸ்ஸப் பாத்ததும் முழுசாத் திருகுனேன் பவா, வண்டி இழுக்கவே இல்ல."