ஆப்பிரிக்கா போய் வந்தவர்

"உங்க வீட்டுக்காரர் போன மாசம் ஆப்பிரிக்கா போனாரே, அப்போ நீங்களும் கூடப் போனீங்களா?"

டாக்டரம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். தியோனிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆப்பிரிக்காவா! ஏதென்ஸைத் தாண்டாத மனுஷன் டாக்டர் அவர்!"

"அவரே சொன்னாரும்மா. வந்திருக்கிறது மலேரியா. நம்ம கிரீஸ்ல அது இல்லாமப் போய் எத்தனையோ வருஷமாச்சு. அதான் வெளிநாடு போனீங்களான்னு கேட்டோம். ஆமான்னார்."

ஏதென்ஸில் கண் ஆபரேஷன், தம்பி வீட்டில் ஒரு வாரம் என்று சொல்லிவிட்டுப் போன ஆள்!

தியோனி விறுவிறுவென்று வார்டுக்குள் நுழைந்தாள்.

"யோவ், ஏதென்ஸ்னு சொல்லிட்டு எங்கேய்யா போய்த் தொலைஞ்சே?"

"கத்தாதே தியோனி. கதவைச் சாத்து." ஸ்டமாட்டிஸின் குரலே நடுங்கியது. "எங்கேயும் போகலை. ஏதென்ஸ்தான். டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்."

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"எங்கேயும் போகலைன்னா என்ன அர்த்தம்? நம்ம ஊருக்குள்ளேயே யாரையோ கடிச்ச கொசு என்னைக் கடிச்சிருக்குன்னு அர்த்தம். காபிக்கடையில உட்கார்ந்திருக்கிறவனுங்க யாரைக் கை காட்டுவானுங்க, சொல்லு?"

தியோனி போய்க் கதவைச் சாத்தினாள்.

வேறு யாரை? அவர்களுடைய ஆரஞ்சுத் தோப்புக் கொட்டகையில் தங்கி வேலை பார்க்கும் பாகிஸ்தான்காரன் ரியாசத்தைத்தான். கோடையில் அவன் குளிரில் நடுங்கிக் கிடந்தபோது, முட்டையும் எலுமிச்சையும் அடித்து ஊற்றிக் கோழி சூப் வைத்துக் கொடுத்தவளே அவள்தான். சாதாரணக் காய்ச்சல் என்றல்லவா நினைத்தாள்!

"பக்கத்து ஊர்ல பார்த்தேல்ல? இவனை மாதிரி வேலைக்கு வந்தவங்களோட சட்டி பானையெல்லாம் ஊர்க்காரங்க தூக்கி ரோட்டுல வீசினாங்க. இவன் என்ன, கொசுவுக்கு வழி காட்டியா விட்டான்? எங்கே போவான் தியோனி, பாவம்."

"அதுக்காக? டாக்டர்கிட்ட போயா பொய் சொல்லுவே, கிறுக்கா!" திட்டிக்கொண்டே அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டாள். கண் கலங்கிவிட்டது.

நேரே டாக்டரம்மாவிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"நல்லவேளை சொன்னீங்கம்மா! வாய்க்காலுக்கெல்லாம் கொசு மருந்தடிக்காம விட்டிருந்தா ஊரே படுத்திருக்கும். அந்தத் தம்பியையும் கூட்டிட்டு வாங்க. ரத்தம் பார்த்து மாத்திரை குடுத்தா சரியாயிடும்."

"அவன் பேரு வெளியே..."

"என் வாயிலேர்ந்து வராது. ஆனா ஊர் வாயை நான் மூட முடியாதே."

"அதை நான் பார்த்துக்கறேன்," என்று தியோனி கிளம்பிவிட்டாள். எப்படி என்றுதான் அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை ரொட்டிக்கடையில் ஒரே கூட்டம். அவளைப் பார்த்ததும் எல்லார் பேச்சும் நின்றது. கடைக்காரி மருலா முந்திக்கொண்டாள்.

"உன் வீட்டுக்காரருக்கு மலேரியாவாமே? எல்லாம் அந்தக் கொட்டகைக்காரன் வேலைதான். கவலைப்படாதே. சாயங்காலம் ஆம்பளைங்க வர்றாங்க. மூட்டையோட கிளப்பி விட்டுருவாங்க."

"அவனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை மருலா. இவரு ஆப்பிரிக்கா போனப்போ வாங்கிட்டு வந்தது."

கடையே சிரித்தது.

"யாரு, ஸ்டமாட்டிஸா? தோப்பு, தோப்பு விட்டா வீடு, வீடு விட்டா சர்ச்சு! புருஷன்னா உன் புருஷன் மாதிரி இருக்கணும்னு நாங்க பெருமூச்சு விடுறோம். அவரு ஆப்பிரிக்கா போனாராம்! எவனைக் காப்பாத்த இந்தக் கதையெல்லாம்? எதுக்குப் போனாராம், சொல்லேன்!"

தியோனிக்கு முகம் சிவந்தது. இந்த ஊரில் யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. இன்றுவரை தலை நிமிர்ந்தே நடந்தவள். ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முதன்முறையாகத் தலையைக் குனிந்தாள்.

"எதுக்குன்னு கேட்காதே மருலா. எவளோடன்னு கேளு."