பெற்றவளின் புகார்

"வித்தான்னும் சேர்த்து எழுதிக்குங்க, ஐயா."

ஹோசோயா பேனாவைக் கீழே வைத்தார். துப்பறியும் பிரிவில் எத்தனையோ தாய்மார்களின் வாக்குமூலத்தை எழுதியிருக்கிறார். பிள்ளை செய்ததைக் குறைத்துச் சொல்லும் தாயைத்தான் பார்த்திருக்கிறாரே தவிர, கூட்டிச் சொல்லும் தாயை இன்றுதான் பார்க்கிறார்.

தொமியேவுக்கு எழுபத்தொன்பது வயது. மகன் ஷூஹெய்க்கு ஐம்பது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நாள் வந்து கதவைச் சாத்திக்கொண்டவன், அதன்பிறகு வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை. அவன் அறைக்குள் கஞ்சா வளர்க்கிறான் என்று நேற்று காவல் நிலையத்துக்கு நடந்தே வந்து புகார் கொடுத்தவளும் இந்தத் தொமியேதான்.

இன்று காலை போய்ப் பார்த்தார்கள். நாலரைப் பாய் விரிக்கும் அளவுள்ள அறை. மெத்தையை மடித்து வைக்கும் சுவரலமாரியில் மெத்தை இல்லை. உள்ளே வெள்ளித் தாள் ஒட்டி, ஊதா விளக்கு போட்டு, ஒரு பிடி மண்கூட இல்லாமல் வெறும் தண்ணீரில் வேர்விட்டு நின்றன செடிகள். பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ஷூஹெய். விலங்கு மாட்டும்போதுகூட, "பம்ப்பை நிறுத்திடாதீங்க, வேர் செத்துப்போயிடும்" என்றுதான் சொன்னான்.

வாசலில் அவனுக்குச் செருப்பு தேடினார்கள். பள்ளிக்கூட நாளில் போட்ட ஒரு ஜோடி ஷூ மட்டும் இருந்தது. அதற்குள் கால் நுழையவில்லை. அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு, குதிகால் வெளியே தொங்க நடந்தான். அந்த மாடி வரிசையில் ஒவ்வொரு வீட்டுக் கதவும் ஒரு விரல்கடை திறந்திருந்தது.

"போட்டுக்கச் செருப்பே இல்லாதவன் யார்கிட்டம்மா போய் வித்தான்?" என்று கேட்டார் ஹோசோயா.

"தபால்ல அனுப்பினான்."

"தபால்பெட்டி வரைக்கும் யார் போனது?"

தொமியே யோசித்தாள். "நான்தான்."

"அப்ப உங்களையும் உள்ள வைக்கணும்."

"அப்படின்னா தபால்ல இல்லை. ஆளுங்க வந்து வாங்கிட்டுப் போனாங்க."

"எப்படிப்பட்ட ஆளுங்க?"

"கெட்ட ஆளுங்க."

தேநீர் கொண்டுவந்து வைத்த இளம் பெண் காவலர் இவாய் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நான் ஒரு ஆளைக் கொன்னாக்கூட, 'செத்தவன் எதுக்குக் குறுக்க வந்தான்'னு கேப்பாங்க சார், எங்கம்மா" என்று ஹோசோயாவின் காதருகே முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

ஹோசோயாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்பலேருந்து உங்களுக்குத் தெரியும்?"

"முதல்ல சாலட் கீரைதான் ஐயா வளர்த்தான். ஒரு நாள் காலையில எழுந்து பார்த்தா, சமையல் மேடையில ஒரு கிண்ணம் நிறைய பறிச்சு வச்சிருந்தான். இத்தனை வருஷத்துல எனக்குன்னு அவன் குடுத்தது அது ஒண்ணுதான். அப்புறம் தினமும் வாளி வாளியாத் தண்ணி தூக்கிக் குடுத்தேன். கொஞ்ச நாள்ல வாசனை மாறிப்போச்சு. டிவியில காட்டினப்பதான் அது என்ன செடின்னு புரிஞ்சுது."

"புரிஞ்சதும் புகார் குடுக்கத் தோணலையா?"

"தோணலை."

"இப்ப மட்டும் தோணிச்சா?"

அவள் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எத்தனை வருஷம் போடுவாங்க?" என்றாள்.

ஹோசோயாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது போலிருந்தது. சுமந்து அலுத்துவிட்டாள். பழைய மெத்தையைக் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்புவதுபோல, ஐம்பது வயது மகனை அரசாங்கத்தின் தலையில் ஏற்றிவிடப் பார்க்கிறாள்.

"ஒரு வருஷமும் போட மாட்டாங்க" என்றார், கொஞ்சம் திருப்தியோடேயே. "முதல் தடவை. தனக்குன்னு வளர்த்தது. தண்டனையை எழுதி நிறுத்தி வச்சிட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. குளிர் முடியறதுக்குள்ள உங்க பையன் உங்க வீட்டுல இருப்பான்."

கோப்பை மேசையில் இடித்துத் தேநீர் சிந்தியது.

"அதனாலதான் வித்தான்னு எழுதச் சொல்றேன்."

"பொய்யை எல்லாம் எழுத முடியாதும்மா. கோர்ட்டுல உங்களைக் கூப்பிடுவாங்க. நீங்க வந்து, தலை குனிஞ்சு, 'இனிமே இவனை நான் பார்த்துக்குறேன்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நீதிபதி விட்டுடுவார்."

"அதை நான் சொல்ல மாட்டேன்."

"ஒரே ஒரு வார்த்தைம்மா."

"மாட்டேன், ஐயா."

ஹோசோயாவின் பொறுமை போயிற்று. "இல்லாத ஆளுங்களை எல்லாம் இழுத்து வாய் கூசாம இவ்வளவு பொய் சொன்னீங்க. இந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில வராதா? பெத்த பிள்ளை மேல அப்படி என்னம்மா வெறுப்பு?"

தொமியே சிந்திய தேநீரைத் தன் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தாள். மேசை உலரும்வரை துடைத்தாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"பார்த்துக்க நான் இருக்க மாட்டேன். பனி உருகற வரைக்கும்கூடத் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றாள். "ஏன் ஐயா, ஜெயில்ல நான் வைக்கிற மாதிரியே மூணு வேளையும் கதவோரம் சோறு வைப்பாங்கதானே?"