யானை வீட்டுக் கிறிஸ்துமஸ்

"எழுந்திரிங்கன்னு சொல்றேன்ல! ரிமோட்டை அடியில வெச்சு அடைகாக்குறீங்களே, குஞ்சா பொரிக்கப்போகுது?"

மாமியார் இடுப்பில் கைவைத்து நின்றாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார் அசைந்து கொடுக்கவில்லை. கழுத்து மஃப்ளரை இழுத்து விட்டுக்கொண்டு, நாற்காலியின் மரக்கையில் 'டப்' என்று ஒரே ஒரு தட்டு தட்டினார்.

கல்யாணமாகி வந்த இந்த ஒரு மாதத்தில் மருமகளுக்கு அந்தப் பாஷை பழகிவிட்டது. மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் பஸ்ஸின் தகரத்தைத் தட்டியே வண்டி ஓட்ட வைத்த கை அது. வீட்டிலும் அதே சட்டம்தான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். சோறு போதுமா, கதவைச் சாத்தவா, எதைக் கேட்டாலும் பதில் கையில்தான்.

"ஒரு தட்டு தட்டினா நின்னுடணுமா? நான் என்ன உங்க பஸ்ஸா?"

"பஸ்ஸா இருந்தா இந்நேரம் நின்னிருக்கும் அத்தே," என்றாள் மருமகள், கிறிஸ்துமஸ் மரத்தில் பஞ்சை ஒட்டிக்கொண்டே.

மாமனாரின் தோள் குலுங்கியது.

"சிரிப்பு வேற! நல்லா வந்து வாய்ச்சிருக்கீங்க, மாமனாரும் மருமகளும்."

"அப்படி என்னதான் அத்தே படம் அது?"

"யானை வீட்டுக் கிறிஸ்துமஸ். கார்ட்டூன். வருஷத்துக்கு ஒரு தடவை, இன்னிக்கு மட்டும்தான் போடுவான். இதோ, இப்ப ஆரம்பிச்சிடும்."

"கார்ட்டூனா!" மருமகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காலையிலிருந்து மாமியார் பட்ட பாடு அவளுக்குத்தானே தெரியும். அவசர அவசரமாகச் சமையலை முடித்து, மறுபடி குளித்து, தலை வாரி, பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டி, கண்ணாடி முன்னால் நின்று பவுடர்கூடப் போட்டுக்கொண்டாள். யாரோ விருந்தாளி வருகிறார் என்றல்லவா மருமகள் நினைத்திருந்தாள்!

ஸ்டூலில் ஏறி பல்புச் சரத்தைக் கட்டிக்கொண்டிருந்த கணவன் குரல் கொடுத்தான். "பார்க்கட்டும், விடுங்கப்பா."

டப். ஒரே தட்டு.

"பார்த்தியாம்மா இந்த மனுஷனை?" மாமியார் மருமகளிடம் முறையிட்டாள். "போன வருஷம் படத்தைப் பார்த்துட்டு நான் அழுதுட்டேனாம். சாப்பிடாம படுத்துட்டேனாம். அதனால இந்த வருஷம் கிடையாதாம்."

"கார்ட்டூனைப் பார்த்தா அழுதீங்க? ஏன், யானைக்குக் கால் கீல் உடைஞ்சுபோச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. மரத்து உச்சியில நட்சத்திரம் கட்டுறேன்னு குடும்பமே உருண்டு விழும். ஒரே சிரிப்பா இருக்கும்."

"சிரிப்புப் படத்துக்கு அழுதா மாமா பயப்படத்தானே செய்வார்?"

டப், டப்.

"ஓகோ! அவளுக்கு மட்டும் ரெண்டு தட்டா?"

மருமகள் பஞ்சைப் போட்டுவிட்டு மாமனாரிடம் வந்தாள். "மாமா, இந்தத் தடவை அத்தை அழமாட்டாங்க. அதுக்கு நான் ஜாமீன். குடுத்துடுங்க."

அவர் அவளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஒரு தட்டுத்தான். ஆனால் சத்தமே வராத தட்டு.

மாமியாரின் குரல் இறங்கிவிட்டது. "ஏங்க, வருஷம் பூரா நான் வேற எதுவும் கேட்கறேனா? அரை மணி நேரம். அதையும் பிடுங்கிக்கணுமா?"

அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அவள் விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள். கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவும் சத்தம் கேட்டது. சேலையைக்கூட மாற்றவில்லை.

ஒரு கார்ட்டூனுக்கு இத்தனை கோபமா? மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் ஸ்டூலை விட்டு இறங்கி, பல்புச் சரத்தைக் கையில் சுற்றத் தொடங்கினான்.

மாமனார் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல ஒருபக்கமாகச் சாய்ந்து ரிமோட்டை உருவினார். டிவியைப் போட்டார். சத்தத்தைக் கூட்டினார். போதாது என்று மேலும் கூட்டினார்.

திரையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பனியில் யானைக்கு என்ன வேலை என்று மருமகள் யோசிப்பதற்குள், ஏணி உச்சியில் நட்சத்திரத்தோடு தள்ளாடிய அப்பா யானை வீடே அதிரும்படி கத்தியது. "அடியே! எங்கேடி போய்த் தொலைஞ்சே? ஏணி சாயுது, வந்து பிடி!"

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

"இதோ வந்துட்டேங்க!"

ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி மாமியார் ஓடிவந்தாள். புதுப்பெண் மாதிரி முகமெல்லாம் சிவந்து, மாமனாரின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

மருமகள் கலகலவென்று சிரித்துவிட்டாள். "ஐயோ அத்தே! யானை கூப்பிட்டாக்கூடவா ஓடிவருவீங்க?"

வேறு யாரும் சிரிக்கவில்லை. கணவன் அவள் காதருகே குனிந்தான்.

"யானை இல்ல, அப்பாதான். பஸ்ல அவர் போட்ட அதட்டலைக் கேட்டு, டப்பிங் எடுக்கிற ஆளு ஒருத்தர் கையோட கூட்டிட்டுப் போய் இந்த யானைக்குப் பேச வெச்சார். ஆபரேஷனுக்கு முந்தின வருஷம்."

மாமனார் மஃப்ளரைத் தளர்த்தினார். குரல்வளையை எடுத்த இடத்தில் இருந்த சின்னத் துளை வழியே மூச்சு ஏறி இறங்க, மனைவியின் தோளில் மெதுவாக இரண்டு தட்டு தட்டினார்.