அவிக்கக் கூடாத பாசி

பாசியைத் தலைகீழாகப் பிடித்து மூன்று தரம் உதறினேன். ஒன்றும் விழவில்லை.

முதல் நாள் உதறியபோது ஒரு குட்டி நண்டு, இரண்டு புழு, பெயர் தெரியாத ஒரு நத்தை. எல்லாரையும் இடுக்கியால் பிடித்து வெளியேற்றினேன். ஆறாம் நாள் இன்னொரு புழு. அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

இன்று பதினாலாம் நாள்.

பச்சைத் திராட்சைக் குலையை விரல் நகத்தளவுக்குச் சிறிதாக்கியது போன்ற கடற்பாசி. பொத்துவிலிலிருந்து மொனராகலை வழியாக மீன் ஏற்றிவரும் ஹுமைத், இதை ஈரச் சாக்கில் சுற்றி, இரண்டு கலன் கடல்தண்ணீரோடு கொண்டுவந்தான். வாசலில் வைத்துவிட்டு அங்கிருந்தே கத்தினான்.

"மீனத் திங்காம வளக்குற ஆள இப்பதான் காணுறன், ஐயா!"

நான் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர் சனம் டாக்டர் ஐயா என்கிறது. நானும் மறுப்பதில்லை. இடுக்கி, எனாமல் கிண்ணம், கண்ணாடிச் சாடி எல்லாம் தொழிலுக்கு உரியவை. ஒரு பிடி பாசிக்கு இவ்வளவு வைத்தியம் பார்த்த டிஸ்பென்சர் ஊவா மாகாணத்தில் வேறு இருக்கமாட்டான்.

காரணம் முன் ஹோலில் இருக்கிறது. மகள் தவமலரின் கண்ணாடித் தொட்டி. அதில் மூன்று கடல்மீன் இருந்தன. இப்போது ஒன்று.

பிழை என்னுடையது. மார்கழியில் முதல் பாசி வந்தபோது, நன்றாகக் கழுவிப் போடு என்று மட்டும் மனைவியிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். கமலாதேவி கீரை கழுவுகிற மாதிரியே கழுவினாள். பைப்புத் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள், மூன்று தரம். நல்ல தண்ணீர் பட்ட கடற்பாசி மூன்றாம் நாள் கூழாகியது. தொட்டி நாறியது. இரண்டு மீன் மிதந்தன.

மஞ்சள் குளித்து மங்களகரமாகப் போயிருக்கின்றன என்று பகிடி விட்டேன். தவமலர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மிஞ்சியது செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒன்று. ஒளிய இடமில்லாமல் மூலையிலேயே நிற்கிறதாம். தண்ணீரும் நாளுக்கு நாள் பழுப்பாகிறதாம். பாசி உள்ளே போனால்தான் தெளியும்.

ஆகவே இம்முறை நானே பொறுப்பெடுத்தேன். இப்போதெல்லாம் எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. வீட்டுக் கோடியில் என் அறை யன்னலில், வெயில் படும் இடத்தில் பாசிக்குத் தனிக் கிண்ணம். கழுவுவதும் கடல்தண்ணீரில்தான். தொட்டிக்குள் புழு பூச்சி போகாதபடி பதினாலு நாள், காலையும் மாலையும் இழை இழையாகப் பரிசோதனை.

தவமலர் பள்ளிக்கூடத்தால் வந்ததும் யன்னலுக்கு வெளியே வந்து நிற்பாள். தொடக்கூடாது என்று சொல்லியிருப்பதால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வாள். யார் யாரோடு கோபம், எந்த ரீச்சர் யாருக்கு அடித்தா என்று ஐந்து நிமிடம் கதை. பிறகு போய்விடுவாள்.

இன்று, அவள் வருவதற்கு முன்பே, கிண்ணத்தை எடுத்து அறையின் வாசற்படியில் வைத்தேன். வைத்துவிட்டு, வழக்கம்போலப் பின்னால் நடந்து சுவரோடு நின்றேன்.

கமலாதேவி வந்தாள். குனிந்தாள். கிண்ணத்துக்குக் கிட்டப் போன கை அப்படியே நின்றது.

அவள் பார்த்தது பாசியை அல்ல. கதவில் ஒட்டியிருந்த கடதாசியை.

"இஞ்சருங்கோ, இது நீங்கள் எழுதினதுதானே."

என் கையெழுத்துத்தான். லயத்தில் சயரோகக்காரர்களின் கதவுகளில் இருபது வருடமாக ஒட்டி வந்த வசனம். சென்ற மாதம் என் சளிப் பரிசோதனை முடிவு பதுளையிலிருந்து வந்த அன்று, என் கதவிலும் நானே ஒட்டினேன். 'இந்த அறையிலிருந்து எந்தச் சாமானும் அவிக்காமல் வெளியே போகக்கூடாது.'

பதினாலு நாள் ஒவ்வொரு இழையாகத் தேடியவன், கிண்ணத்தின் மேல் குனிந்திருந்த தன்னைப் பரிசோதிக்கவில்லை.

"அவிச்சா சொதிதான் வைக்கலாம்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

என் கிருமி கடல்தண்ணீரில் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. படித்தமாதிரிச் சொல்லியிருக்கலாம். டாக்டர் ஐயா சொன்னால் நம்புவார்கள். ஆனால் தவமலர் அந்தத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விடுகிறவள்.

சொல்லவில்லை.

"பின் விறாந்தையில வைக்கிறன். இன்னும் பதினாலு நாள் அங்க கிடக்கட்டும்," என்றாள் கமலாதேவி. என் சாப்பாட்டுக் கோப்பை எடுக்கிற துணியாலேயே கிண்ணத்தைத் தூக்கினாள்.

மீன் அதுவரை தாங்குமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

என் யன்னலிலிருந்து பின் விறாந்தை தெரியும். பள்ளிக்கூடத்தால் வந்த தவமலரிடம் தாய் ஏதோ சொன்னாள். பிள்ளை நேரே கிண்ணத்துக்கு முன்னால் போனாள். ஓரடி தள்ளி நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பிறகு அன்றைய பள்ளிக்கூடக் கதையை அதற்குச் சொல்லத் தொடங்கினாள்.