பாம்புக் காது

"சார், நீங்க என் வீட்டுக்காரரை ஏமாத்தணும்."

ரிப்பேர் கடைக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். சொல்வது யார்? வகுப்பில் ஒரு பிள்ளை பொய் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றிவிடும் டீச்சர்!

"நீங்களாம்மா இப்படிப் பேசறீங்க?"

"நான்தான். அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருக்கு. கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிறார். இந்த மனுஷன் போன வாரம் கிட்டார் சத்தத்தைப் பெருசாக்கற அந்த வால்வு ஆம்பைத் தூக்கப் போய், தையல் பிரிஞ்சு, சட்டையெல்லாம் ரத்தம். இன்னொரு தடவை தூக்கினார்னா அவ்வளவுதான்."

"வேற யாராவது தூக்கிக் கொடுக்கலாமே?"

"தொட விட்டாத்தானே! 'உள்ளே கண்ணாடி வால்வு இருக்கு, உடைஞ்சுடும்'னு கத்தறார். கட்டின பொண்டாட்டி மேலயே நம்பிக்கை இல்லை."

கடைக்காரர் சிரித்துவிட்டார். அந்த ஆம்ப் மூட்டை கனம் கனக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

"சாப்பாட்டு டப்பா அளவுக்கு டிஜிட்டல் மாடலர்னு ஒண்ணு வந்திருக்காமே? வால்வு ஆம்ப் சத்தத்தை அப்படியே காப்பி அடிக்குதாமே?"

"அடிக்கும்மா. ஆனா உங்க வீட்டுக்காரர் ஒத்துக்கணுமே. காப்பி அடிச்சவன் என்னைக்காவது முதல் மார்க் வாங்கியிருக்கானான்னு என்னையே மடக்கினார்."

"என்கிட்டயும்தான் கேட்டார், அதுவும் ஒரு டீச்சர்கிட்ட! அந்த டப்பாவில வாசிக்கிறதுக்குக் கிட்டாரைப் பரண்ல போடலாம்னார். போட்டும் விட்டார் சார். வாசிக்காம அவரைப் பார்க்க சகிக்கலை. வாசிக்க விடவும் பயமா இருக்கு."

கடைக்காரர் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றேன். கண்ணைக் கட்டி ரெண்டுலயும் வாசிக்க விடுங்க. எதை அவர் வால்வுன்னு சொன்னாலும், அதுதான் டிஜிட்டல்னு அடிச்சுச் சொல்லிடுங்க."

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. கல்யாணம் முடிஞ்ச பிறகுமா?"

"முடிஞ்ச பிறகுதான் சார் நிறைய தேவைப்படுது."

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரரே வேன் கொண்டுவந்து ஆம்பைத் தூக்கிப் போனார். கிட்டார்காரர் கூடவே, "பார்த்து, பார்த்து!" என்று குழந்தையைத் தூக்கிக் கொடுத்தவர் மாதிரி பதறிக்கொண்டே போனார்.

போட்டி என்றதும் ஆள் குஷியாகிவிட்டார். சும்மாவா? பாம்புக் காது அவருக்கு. தெருமுனையில் திரும்பும் ஸ்கூட்டர் யாருடையது என்று கட்டிலில் படுத்தபடியே சொல்லுகிற ஆசாமி.

"நான் தோத்தா அந்த டப்பாவைத் தலையில வச்சுக்கிட்டே வீட்டுக்குப் போறேன். ஜெயிச்சா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சம்மதமா டீச்சரம்மா?"

"சம்மதம்" என்றாள் டீச்சர்.

கண்ணைத் துண்டால் கட்டி, சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். ரெண்டுக்கும் ஒரே ஸ்பீக்கர். கடைக்காரர் ஒயரை மட்டும் மாற்றி மாற்றிச் சொருகினார்.

முதலில் ஒரு தடவை வாசித்தார். பிறகு அதையே இன்னொரு தடவை. இரண்டாவதில் விரல் தானாகவே நிதானத்துக்கு வந்தது. முகம் இளகிவிட்டது.

"ரெண்டாவதுதான் என் ஆம்ப். இதில என்னய்யா சந்தேகம்?"

மனுஷன் துளிகூடப் பிசகவில்லை. கடைக்காரர் டீச்சரைப் பார்த்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணே, ரெண்டாவது டிஜிட்டல்."

டீச்சர் இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டாள்.

கிட்டார்காரர் தலையை லேசாகப் பின்பக்கம் திருப்பினார். அப்புறம் மெதுவாகத் துண்டை அவிழ்த்தார்.

"அப்படியா! காதுக்கு வயசாயிடுச்சு போலிருக்கு" என்றவர், அந்தச் சின்னப் பெட்டியை நிஜமாகவே தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். ஆம்ப் கடையிலேயே தங்கிவிட்டது.

சாயங்காலம் வீட்டில் மறுபடி கிட்டார் கேட்டது. டீச்சர் கேட்டு ஏங்கிக் கிடந்த சத்தம்தான். ஆனால் சமையலறையில் அவளுக்குக் கை ஓடவில்லை. காதுக்கு வயசாயிடுச்சு என்று அவர் சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அந்தக் காது ஒன்றுதானே அவருக்குப் பெருமை? அதைப் போய்ப் பிடுங்கிவிட்டோமே! பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தாங்க முடியாமல் ஈரக்கையோடு வந்து அவர் முன்னால் நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"உங்க காதுக்கு ஒண்ணும் ஆகலைங்க. நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் அவரைப் பொய் சொல்லச் சொன்னேன்."

அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். போய் பெஞ்சு மேல ஏறி நில்லு."

"தெரியுமா? பின்னே ஏன் தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டீங்க?"

இப்போதுதான் விரல் நின்றது.

"அவர் டிஜிட்டல்னு சொன்னதும், என் முதுகுக்குப் பின்னால நீ ஒரு மூச்சு விட்டே பாரு... நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த பிறகு நீ அப்படி நிம்மதியா மூச்சு விட்டு இன்னைக்குத்தான் கேட்டேன், டீச்சரம்மா."